ஐம்பத்தாறு வரும் வரை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்ச் மாதம், எங்கள் பள்ளியின் தாளாளர் என்னை அறைக்கு அழைத்து, அடுத்த ஆண்டு இரண்டாவது தமிழாசிரியை தேவைப்படாது என்று சொன்னார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரச் சாலையில் இருந்த சிறிய மெட்ரிகுலேஷன் பள்ளி அது. பாதிப் பிள்ளைகள் அணு ஆராய்ச்சிக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள். மீதிப் பேர் உள்ளே தள்ளியிருந்த ஊர்களின் விவசாயக் குடும்பங்களிலிருந்து வேனில் வந்து இறங்குவார்கள். குடியிருப்புப் பெற்றோர் ஒவ்வொருவராக இந்திப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த தமிழுக்கு ஓர் ஆள் போதும். அந்த ஓர் ஆள் என்னைவிட மூத்தவர்.

"கம்ப்யூட்டர் கிளாஸ் ஒண்ணு ஆரம்பிக்கலாம்னுகீறேன் டீச்சர். அதுக்குத்தான் ஆள் தேடினுகீறேன்" என்றார் தாளாளர். மதுராந்தகத்தில் நெல் வியாபாரம் செய்த குடும்பம் அவருடையது. எதையும் பேரம் போலத்தான் பேசுவார். "நீங்க வேணா கத்துக்கினு வாங்க. ஜூன்ல பேரண்ட்ஸக் கூப்ட்டு ஒரு டெமோ வெப்போம். அது நல்லா போச்சுன்னா வேலை உங்களுக்கு. இல்லன்னா எம்.எஸ்ஸி. படிச்சவரு ஒருத்தரு அப்ளிகேஷன் போட்டுக்கீறாரு."

பாதி விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். தமிழ் இலக்கியம் படித்த இருபத்தொன்பது வயதுப் பெண்ணிடம் வேறு எப்படிச் சொல்வது? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கோபம் பள்ளிக்கூடம் முழுக்கப் பிரசித்தம். "வர்றேன் சார், ஜூன்ல பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோதுதான் வீட்டு நிலைமை நினைவுக்கு வந்தது. என் கணவர் மாமல்லபுரத்தில் சுற்றுலா வேன் ஓட்டினார். சீசன் இருந்தால் வண்டி ஓடும், இல்லாத மாதங்களில் வண்டியும் அவரும் வீட்டு வாசலில் நிற்பார்கள். என் சம்பளம் போனால் வீடு தள்ளாடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஏழு வருடமாகக் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள் நான். அந்த இடம் இல்லாமல் காலையில் எழுந்து என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஒரு கணினிப் பயிற்சி மையம் இருந்தது. பள்ளி விட்டதும் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி அங்கே போவேன். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே குளிர்ச்சியாக, கோவில் கருவறையை ஒட்டிய இடம் போல அமைதியாக இருக்கும். நான்கு கணினிகள். ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட துணி உறை. சொல்லிக்கொடுத்தவர் கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வந்த இளைஞர், என்னைவிட ஏழு வயதாவது சின்னவர். முதல் நாள் நான் எழுந்து நின்று வணக்கம் சொன்னதும் அவர் பதறிப்போய்த் தானும் எழுந்து நின்றுவிட்டார்.

நான் எழுதிய முதல் நிரல், அதாவது புரோகிராம், மதிப்பெண் நிரல். மதிப்பெண் முப்பத்தைந்தோ அதற்கு மேலோ இருந்தால் பாஸ் என்று காட்டு, இல்லாவிட்டால் ஃபெயில் என்று காட்டு. இஃப், தென், எல்ஸ். அவ்வளவுதான். வகுப்பில் நான் நடத்திய இலக்கணம்தான் அது. 'மழை பெய்தால் குளம் நிறையும்' என்பதைச் 'செயின்' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்று எத்தனை பிள்ளைகளை ஒப்பிக்க வைத்திருப்பேன்! தமிழில் அந்த 'ஆல்' வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். பெய் என்பது வரைக்கும் ஒன்றும் தெரியாது, கடைசியில்தான் அது நிபந்தனை என்று தெரியும். இங்கே நிபந்தனை முதல் சொல்லாகவே வந்து நின்றது.

முப்பத்தாறு என்று அடித்தேன். பாஸ். முப்பத்தைந்து, பாஸ். முப்பத்து நான்கு, ஃபெயில்.

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. சிரிக்க வேண்டாம், நிஜமாகவே கை ரோமம் நின்றது. நான் உச்சரித்துக்கொண்டே இருந்த ஒரு வினையெச்சம் என் கண் முன்னால் ஒரு வேலையைச் செய்தது. இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. திரும்பத் திரும்ப எண்களை அடித்தேன். பக்கத்து நாற்காலிப் பெண், தன் முறை வரவில்லையே என்று முழங்கையால் இடித்தாள். எழுந்துகொள்ள மனம் வரவில்லை. கூடவே ஒரு சின்ன உறுத்தலும் இருந்தது. ஏழு வருடத்தில் முப்பத்து நான்கு என்ற மதிப்பெண் என் கையிலிருந்து வெளியே போனதில்லை. எங்காவது ஓர் அரைகுறை விடையைத் தேடிப்பிடித்து ஒரு மார்க் சேர்த்துவிடுவேன். அதை எந்த வரியில் எழுதுவது என்று அந்த இளைஞரிடம் கேட்டேன்.

"அதெல்லாம் எழுத முடியாது மேடம். நீங்க மனசுல இன்னா நெனச்சீங்கன்னு அதுக்குத் தெரியாது. இன்னா எழுதுனீங்களோ அதைத்தான் செய்யும்" என்றார்.

அடுத்து வந்தது 'லூப்' என்கிற சுற்று. அங்கேதான் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டேன். பலகையில் அவர் 'ஐ சமம் ஐ கூட்டல் ஒன்று' என்று எழுதினார். கணக்கில் நான் புலி இல்லைதான். ஆனாலும் ஒரு பொருள் தன்னைவிட ஒன்று கூடுதலான பொருளுக்குச் சமமாக இருக்க முடியாது என்பதுகூடத் தெரியாதவள் இல்லை. தப்பு என்றேன். இல்லை என்றார். தப்புதான் என்றேன். பாவம், அவருக்கு வேர்த்துவிட்டது, அந்தக் குளிர் அறையில்.

"சமம்னு படிக்காதீங்க மேடம். வெச்சுக்கோன்னு படிங்க. ஐ-ல இப்ப எவ்ளோ கீதோ அத்தோட ஒண்ணு சேர்த்து, திரும்ப ஐ-லயே வெச்சுக்கோ."

வெச்சுக்கோ. அந்த ஒரு சொல்லில் எல்லாம் திறந்துகொண்டது. 'வைல்' என்று தொடங்கி 'வெண்ட்' என்று முடியும் இரண்டு வரிகளுக்கு நடுவே இருப்பதை அது திரும்பத் திரும்பச் செய்யும் என்றார். "வைல்னா 'வரைக்கும்'னு வெச்சுக்குங்க மேடம்." நோட்டில் எழுதிக்கொண்டேன்: வைல் — வரை. ஐ பத்தாகும் வரை வணக்கம் சொல். அது பத்து வணக்கம் சொன்னது. பத்தை நூறாக்கினேன், பிறகு ஆயிரமாக்கினேன். திரை முழுக்க வணக்கங்கள் மேலே ஓடின.

நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எத்தனை பிள்ளைகளுக்கு இம்போசிஷன் கொடுத்திருக்கிறேன்! ஒற்றுப்பிழை விட்டால் நூறு தடவை. கெட்டிக்காரப் பிள்ளைகள் முதல் சொல்லை மட்டும் பக்கம் முழுக்க மேலிருந்து கீழாக எழுதிவிடுவார்கள், பிறகு இரண்டாவது சொல்லை, பிறகு மூன்றாவதை. ஏமாற்று வேலை என்று அதற்கும் அடித்திருக்கிறேன். அவர்கள் கண்டுபிடித்திருந்தது ஒரு சுற்று என்று அன்றைக்குத்தான் உறைத்தது. எட்டு வயதில், யாரும் சொல்லித்தராமல்! அந்த வருடத்தோடு இம்போசிஷன் கொடுப்பதை விட்டுவிட்டேன்.

அந்த இரண்டு மாதமும் எனக்கு உலகமே வேறு மாதிரி தெரிந்தது. பஸ்ஸில் கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கிறது, இரண்டு விசில் கொடுத்தால் போகிறது. கடைசி நிறுத்தம் வரும்வரை அதையே செய்கிறார்கள். சின்ன வயதிலிருந்து பஸ்ஸில் போகிறேன், அதற்குள் இப்படி ஓர் ஒழுங்கு ஓடிக்கொண்டிருப்பதை ஒரு நாளும் கவனித்ததில்லை. வீட்டில் பால் வைத்துவிட்டு, "பொங்கினா அணைங்க" என்று கணவரிடம் சொன்னேன். பொங்காவிட்டால் என்ன செய்வது என்று நான் சொல்லவே இல்லையே என்று நானே யோசித்து, திரும்பப் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "படிப்பு தலைக்கு ஏறிடுச்சு" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் சனிக்கிழமை டெமோ. தாளாளர் சென்னையிலிருந்து பழைய கணினி ஒன்றை வாங்கி வந்திருந்தார். அதன் திரைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் மல்லிகையும் சாத்தியிருந்தார்கள். பூ திரையின் மேல் வரியை மறைத்தது, எடுக்கச் சொல்லத் தைரியம் வரவில்லை, நான் இரண்டு வரி தள்ளியே எழுதிக்கொண்டேன். அறையில் நாற்பது ஐம்பது பெற்றோர். குடியிருப்பிலிருந்து வந்தவர்கள் முன் வரிசையில் நாற்காலிகளில் இருந்தார்கள். ஊர்க்காரர்கள் பின்சுவரை ஒட்டி நின்றார்கள். பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

மதிப்பெண் நிரல் நன்றாகப் போனது. பதினாறாம் வாய்ப்பாடு கடகடவென்று திரையில் ஓடியதும் கைதட்டினார்கள். தாளாளர் முகம் மலர்ந்தது. வேலை கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்போது முன் வரிசையில் இருந்த ஒரு பொறியாளர் எழுந்தார்.

"நல்லாருக்கு டீச்சர். ஆனா இது தன்பாட்டுக்குச் சொல்லுது. ஒரு குழந்தைகிட்ட அது கணக்கு கேக்குமா? சரியான விடை வர்ற வரைக்கும் விடாம கேட்டுக்கிட்டே இருக்கணும். இப்ப எழுத முடியுமா?"

கேள்வியில் வன்மம் எதுவும் இல்லை. ஆர்வமாகத்தான் கேட்டார். தாளாளர் என்னைப் பார்த்தார். முடியாது என்றால் எம்.எஸ்ஸி. படித்தவர் வந்துவிடுவார். "முடியும் சார்" என்றேன்.

ஏழெட்டு எவ்வளவு என்று கேள். ஐம்பத்தாறு வரும் வரை மறுபடி கேள். வந்ததும் வெரி குட் சொல். மனதுக்குள் தெள்ளத் தெளிவாக இருந்தது. வைல், விடை சமம் ஐம்பத்தாறு. 'ஒன்ஸ் மோர்' என்று காட்டு. திரும்ப விடையை வாங்கு. வெண்ட். ஏழு வரிகள். மளமளவென்று அடித்து முடித்தேன். எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை அழைத்தேன். வேனில் வருகிற பிள்ளை, வாய்ப்பாட்டில் சூட்டிகை. அவளுடைய அப்பா பின்சுவரை ஒட்டி, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவள் ஒற்றை விரலால் ஐந்தைத் தேடி அழுத்தினாள், ஆறைத் தேடி அழுத்தினாள். நான் சொன்ன பெரிய பொத்தானைத் தட்டினாள்.

'ஒன்ஸ் மோர்' என்றது திரை.

அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ விரல் பிசகியிருக்கும் என்று நினைத்து, "மறுபடி அடிம்மா" என்றேன். ஐந்து, ஆறு. ஒன்ஸ் மோர். முன் வரிசையில் யாரோ, "பாப்பாவுக்கு வாய்ப்பாடு மறந்துபோச்சு போல" என்று சிரித்தார்கள். மூன்றாம் முறையும் ஒன்ஸ் மோர். அவள் கையைப் பின்னால் மறைத்து விரல் விட்டு எண்ணினாள். அப்பா இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக ஐந்தையும் நான்கையும் அழுத்தினாள்.

'வெரி குட்' என்றது திரை.

அறையே கைதட்டியது. பிள்ளை மறைத்ததில் அவள் அடித்த எண் யாருக்கும் தெரியவில்லை, பெரிய எழுத்தில் வெரி குட் மட்டும் தெரிந்தது. அவளுடைய அப்பா தலைக்கு மேலே கையைத் தூக்கித் தட்டினார். தாளாளர், "எல்லாருக்கும் டீ கீது, குடிச்சிட்டுப் போங்க" என்று அறிவித்துவிட்டார். எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது.

அந்தச் சிறுமி மட்டும் திரையைவிட்டு நகரவில்லை. உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். "ஏழெட்டு அம்பத்தி நாலு, ஏழெட்டு அம்பத்தி நாலு" என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

மூன்று முறை சரியாகச் சொன்ன பிள்ளை, திரும்பத் திரும்பக் கேட்டதாலேயே தன் விடையைக் கைவிட்டுவிட்டாள். கைவிட்டதற்குக் கைதட்டலும் வாங்கிவிட்டாள்.

"கொஞ்சம் இருங்க, இதுல தப்பு இருக்கு" என்றேன்.

தாளாளர் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "வோல்டேஜ் சரியில்லன்னு சொல்லி முடிச்சுக்குங்க டீச்சர். யாரும் கண்டுக்கல." அவர் சொன்னது உண்மை. யாரும் கண்டுகொள்ளவில்லை. வாயை மூடிக்கொண்டால் வேலை என்னுடையது. திரும்பப் போய் அந்த ஏழு வரிகளைத் திரையில் வரவழைத்தேன்.

ஒருமுறை படித்ததுமே தெரிந்துவிட்டது. விடை ஐம்பத்தாறாக இருக்கும் வரை கேட்டுக்கொண்டே இரு என்று எழுதியிருந்தேன். அது இம்மி பிசகாமல் அதையே செய்திருக்கிறது.

"பாப்பா மூணு தடவையும் சரியாத்தான் சொன்னா. தப்பு என்னோடது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அதற்கப்புறம் வந்த வார்த்தைகளை நான் யோசித்துப் பேசவில்லை. "சார் 'விடை வர்ற வரைக்கும்' கேக்கணும்னாரு. நானும் 'வரைக்கும்'னுதான் எழுதினேன். திருக்கழுக்குன்றத்துல மலைமேல கழுகு வர்ற வரைக்கும் காத்திருக்கோம். வந்ததும் முடிஞ்சுது, எறங்கிடறோம். குழாயில தண்ணி வர்ற வரைக்கும் பிடிக்கிறோம். வந்ததும் முடிக்கிறோமா? நின்னாத்தான் முடிக்கிறோம். ரெண்டும் 'வர்ற வரைக்கும்'தான். ஒண்ணு வந்தா நிக்குது, இன்னொண்ணு வராட்டி நிக்குது. இந்த மெஷினுக்கு ரெண்டாவது 'வரைக்கும்' மட்டும்தான் தெரியும். நான் மொதல் 'வரைக்கும்'னு நெனச்சுக்கிட்டு எழுதிட்டேன்."

பொறியாளர் வாயைக் கொஞ்சம் திறந்தபடி நின்றார். பின்சுவர்ப் பக்கமிருந்து ஒரு பெண்மணி, "ஆமா, ரெண்டு மாதிரியும்தானே சொல்றோம்!" என்றார். தமிழ் படித்துப் பட்டம் வாங்கி, ஏழு வருடம் நடத்தியவள் நான். ஒரு சொல் எதிரும் புதிருமான இரண்டு வேலையைச் செய்துகொண்டிருப்பதை அந்த நிமிடம் வரை பார்த்ததில்லை. யாருமே பார்த்திருக்கவில்லை. பார்க்காமலேயே ஒருவரும் தடுமாறியதும் இல்லை. தண்ணி வர்ற வரைக்கும் பிடி என்று சொன்னால், தண்ணீர் வந்ததுமே குடத்தை எடுத்துவிடுகிற பிள்ளை எந்த வீட்டிலாவது உண்டா? இவ்வளவையும் நாங்கள் சொல்லாமலே ஒருவருக்கொருவர் புரிந்துகொண்டு வாழ்ந்திருக்கிறோம். அதை எங்களுக்குக் காட்டிக்கொடுக்க, எதையும் தானாகப் புரிந்துகொள்ளத் தெரியாத ஒரு பெட்டி வரவேண்டியிருந்தது.

சமக்குறியை எடுத்துவிட்டு, சமமில்லை என்ற குறியை வைத்தேன். மாற்றியது அது ஒன்றுதான். அதற்குள் பெற்றோர் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு வந்து மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். எந்தக் குறி என்று காட்டச் சொன்னார்கள். டீ ஆறிப்போனது. பொறியாளரும் வேட்டி கட்டிய அப்பாவும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். "கழுகு வந்தா எறங்கிடறதா, தண்ணி நின்னா எறங்கறதா?" என்று ஒருவர் கேட்க, நான்கு பேர் ஒரே நேரத்தில் விளக்கினார்கள்.

தாளாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கூட்டம் எங்கே கூடுகிறது என்று அவருக்குத் தெரியும். எல்லோரும் போன பிறகு வந்து, "இன்னாமோ போங்க. வோல்டேஜ்னு சொல்லியிருந்தா நான் அந்த எம்.எஸ்ஸி. ஆளத்தான் போட்டிருப்பேன்னு நெனைக்கிறேன். திங்கக்கெழமைலருந்து கிளாஸ் எடுங்க" என்றார். நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அந்தச் சிறுமி இன்னும் போகவில்லை. அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"மிஸ், நான் மொதல்ல சொன்னதே கரெக்டா?"

"மொதல்ல சொன்னதே கரெக்ட்."

"அப்புறம் ஏன் அம்பத்தி நாலுக்கு எல்லாரும் கைதட்டுனாங்க?"

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. மேசையருகே போய், நாற்காலியில் மண்டியிட்டு ஏறினாள். ஐம்பத்து நான்கு என்று அடித்தாள். ஒன்ஸ் மோர். ஐம்பத்தேழு, ஒன்ஸ் மோர். பன்னிரண்டு, ஒன்ஸ் மோர். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டுமென்றே ஒன்று, பூச்சியம், தொள்ளாயிரம் என்று தப்புத் தப்பாக அடித்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு தப்புக்கும் அது ஒன்ஸ் மோர் சொல்வதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டாள். சரியாக ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்த இரண்டு சொற்களைப் பார்த்து விரலை மறைத்து எண்ணிய பிள்ளை. பிறகு ஐந்தையும் ஆறையும் அழுத்திவிட்டு, பெரிய பொத்தானின் மேல் விரலை வைத்தபடி என் பக்கம் திரும்பினாள்.

"இப்பப் பாருங்க மிஸ், கேக்காது" என்றாள்.